அம்மா பதில் சொன்ன ரேடியோ

சூடேறிய தூசியின் வாசனை மூக்கில் பட்டால் இன்றைக்கும் செய்கிற வேலையை விட்டுவிட்டு நின்றுவிடுவேன். நெடுநாள் எரியாமல் கிடந்த குண்டு பல்பைப் போடும்போதோ, பரணிலிருந்து எடுத்த பழைய இஸ்திரிப் பெட்டியைச் சொருகும்போதோ அந்த வாசனை வரும். வந்த மாத்திரத்தில் நான் புதுச்சேரியில், உப்பளம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டின் நடு அறையில், ரேடியோவின் வால்வுகள் சூடாகட்டும் என்று மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும் எட்டு வயதுப் பெண்ணாகிவிடுவேன். மற்றவர்கள் தங்கள் சிறு வயது ரேடியோவைப் பற்றி எழுதும்போது பாட்டு, நாடகம், நேயர் விருப்பம் என்று கொஞ்சிக் கொஞ்சி எழுதுகிறார்கள், படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. எனக்கு ரேடியோ என்றால் பயம்.

அப்பா ஒரு "சொல்தா". பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறுவதற்கு முன்னும் பின்னும், எங்களைப் போலப் பிரெஞ்சுப் பிரஜைகளாக இருந்த தமிழ்க் குடும்பங்களின் ஆண்கள் கப்பலேறிப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். முதலில் இந்தோசீனா, அந்தச் சண்டை முடிந்து மூச்சு விடுவதற்குள் "அல்ஜெரி" என்று நாங்கள் சொல்லும் அல்ஜீரியா. பட்டாளத்தில் அப்பாவுக்குக் கொடுத்திருந்த வேலை, முதுகில் ஒரு கம்பியில்லாப் பெட்டியைச் சுமந்துகொண்டு மலையேறுவது. மேலே போன படை, கீழே முகாமில் இருக்கும் அதிகாரியிடம் எதைச் சொல்ல வேண்டுமென்றாலும் அந்தப் பெட்டி வழியாக அப்பாதான் சொல்ல வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இருவருக்குமே கேட்காது என்பதால், ஒருவர் பேசி முடித்ததும் "அ வூ" என்று சொல்ல வேண்டுமாம். இனி உங்கள் முறை என்று பொருள்.

ஐம்பத்தேழிலோ எட்டிலோ "கொன்ஜே"யில், அதாவது விடுப்பில் வந்தபோது அப்பா ஒரு ரேடியோ வாங்கி வைத்தார். மரப்பெட்டி, முன்பக்கம் தங்கநிறத் துணி, நடுவில் நிலையம் சரியாகச் சேர்ந்ததும் சுருங்குகிற ஒரு பச்சைக் கண். மொட்டை மாடியில் இரண்டு மூங்கில் நட்டு, நடுவில் செப்புக் கம்பி இழுத்துக் கட்டினார். அந்த விடுப்பு முழுக்க வீட்டில் ஒரே கூத்து. நானும் தம்பி சவரியும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் "இன்னும் கொஞ்சம் குழம்பு வேணும், அ வூ" என்போம். அம்மாவும் சிரிப்பை அடக்கிக்கொண்டு "குழம்பு தீந்துபோச்சு, அ வூ" என்பாள். பள்ளிக்கூடத்தையே எட்டிப் பார்க்காத அம்மாவுக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு அதுதான்.

ஒரு நாள் அப்பா, விளையாட்டாகத்தான், என் நெஞ்சில் விரலை வைத்து, "இப்பக்கூட பாரிஸ் பேசறது உன் உடம்பு வழியாத்தான் போயிக்கிட்டிருக்குது, உனக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றார். அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்றிலிருந்து எனக்கு நிம்மதியாகக் குளிக்கக்கூட முடியவில்லை. யார் யாரோ ஆண்கள், முகமில்லாதவர்கள், பேசிக்கொண்டே என் விலா எலும்பைத் தாண்டிப் போகிறார்கள் என்று எண்ணி உடம்பு கூசும்.

அப்பா போய்விட்டார். அவர் போன மறுநாள் அம்மா ஒரு சட்டம் போட்டாள்.

அவள் கணக்கு நேர்மையானது. அவர் பெட்டியும் கம்பியில்லாதது, நம் பெட்டியும் கம்பியில்லாதது. அதில் கேட்கிறவன் பேசவும் செய்யலாம் என்றால் இதிலும் அப்படித்தானே இருக்கும்? பாரிஸ் பேசுவது இங்கே கேட்கும்போது, இங்கே பேசுவது அங்கே கேட்காமல் எங்கே போய்விடும்? ஆகவே நடு அறையில் யாரும் அழக் கூடாது, சண்டை போடக் கூடாது, "செத்தேன்", "ஒழிஞ்சேன்" என்ற சொற்களை வாயில் எடுக்கவே கூடாது. "மூச்! அந்தாண்ட அப்பாவுக்குக் கேக்கும். அங்க அவுரு தனியா கெடக்கறாரு, இதையும் கேட்டுக்கிட்டுக் கெடக்கணுமா?" என்பாள். சவரிக்குக் காய்ச்சல் வந்து இருமியபோது அவனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். மீன்காரியோடு விலை பேசிக் குரல் உயர்ந்தால், ஓடிவந்து ரேடியோவின் மேல் கம்பளியைப் போர்த்திவிட்டுப் போய் மறுபடி சண்டையைத் தொடர்வாள். நல்ல சேதி என்றால் நேர்மாறு. என் பரீட்சை மதிப்பெண்களை நான் பெட்டியின் முன் நின்று சத்தமாகப் படிக்க வேண்டும். சவரியைத் தூங்க வைக்கப் பாடுவதும் அங்கே உட்கார்ந்துதான்.

இப்போது சொன்னால் வேடிக்கையாக இருக்கிறது. எங்களுக்கு அது வேடிக்கையாக இல்லை. வீட்டின் நடுவில் ஒரு காது உட்கார்ந்திருந்தது, அதற்கு ஒரு கண்ணும் இருந்தது. நான் ஏதாவது தப்பாகப் பேசி, அதைக் கேட்டு அப்பா மலையில் ஒரு நொடி திகைத்து நின்று, அந்த நொடியில் அவரைச் சுட்டுவிட்டால்? இந்த எண்ணம் வந்த பிறகு நான் வீட்டுக்குள் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். "தெரேசு பெரிய மனுசி ஆயிட்டா, வாயே தொறக்கறதில்ல" என்று பக்கத்து வீட்டு லூயிசக்கா கேலி செய்வாள். அவள் புருஷனும் அல்ஜெரியில்தான் இருந்தார்.

வெளியே போனாலும் தப்ப முடியவில்லை. துறைமுக அலுவலகத்தின் கூரையில் ஒரு கம்பி, கடலில் நங்கூரம் போட்ட கப்பலோடு "டக், டக்கட்" என்று தந்தி மொழியில் பேசுவதற்கு. புதிதாக வந்த போலீஸ் ஜீப்பின் பின்னால் நீண்டு ஆடுகிற ஒரு குச்சி, அதன் அடியில் கரகரவென்று ஒரு குரல். சாயங்காலமானால் பூங்காவில் ஒலிபெருக்கிக்குக் கீழே ஊரே கூடிச் சென்னை நிலையத்தின் செய்தி கேட்கும். பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் விற்க வந்தவர்கள்கூடக் கூடையை இறக்கி வைத்து, புயல் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டுதான் ஊர் திரும்புவார்கள். அவர்களுக்கெல்லாம் அது சௌகரியம். எனக்கோ, ஊர் முழுக்கக் காற்றில் காதுகள் தொங்குவதாகத் தோன்றியது.

இதைவிடப் பெரிய பயம் பொழுது சாயும் நேரத்தில் வரும். பாரிஸில் மதியச் செய்தி வாசிப்பது நமக்கு விளக்கு வைக்கும் நேரம். லூயிசக்காவும் இன்னும் இரண்டு சொல்தாக்களின் மனைவிமாரும் வந்து பாயில் உட்காருவார்கள். அவர்களில் யாருக்கும் பிரெஞ்சு தெரியாது. கன்னியர் பள்ளியில் படித்த எனக்குத்தான் தெரியும். ஆகவே நான் பெட்டியில் காதை ஒட்டிக்கொண்டு, இரைச்சலுக்கு நடுவே கிடைப்பதைப் பிடித்துத் தமிழில் சொல்ல வேண்டும். பள்ளியில் "மாசேர்" என்று நாங்கள் கூப்பிட்ட கன்னியாஸ்திரி எங்களுக்குப் பூக்களின் பெயரும் பருவங்களின் பெயரும் கற்றுக்கொடுத்தார். பதுங்கித் தாக்குவது, கண்ணிவெடி, காயம்பட்டவர்கள், இவற்றுக்கெல்லாம் பிரெஞ்சுச் சொல் என்ன என்று எனக்கு ரேடியோதான் கற்றுக்கொடுத்தது. செய்தியில் முதலில் மலையின் பெயர் வரும், பிறகு ஒரு எண் வரும், அதன் பிறகுதான் அந்த எண் செத்தவர்களா பிடிபட்டவர்களா என்று தெரியும். எண்ணுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நான்கு பெண்களும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். எட்டு வயதில் என்னை அப்படி யாரும் பார்த்திருக்க வேண்டியதில்லை.

பெயர்களை ரேடியோ ஒருநாளும் சொல்லாது. பெயர் சைக்கிளில் வரும். பிரெஞ்சு அலுவலகத்திலிருந்து காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆள் கையில் உறையோடு வருவார். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் முன் அவர் சைக்கிளைச் சாய்த்து வைத்ததை நான் பள்ளி விட்டு வரும்போது பார்த்தேன். அந்த வீட்டில் அலறல் எழுந்ததும் நான் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தேன். வந்ததும் முதல் வேலையாகக் கம்பளியை எடுத்து ரேடியோவின் மேல் போர்த்தினேன், இரண்டு தெரு தாண்டிக் கேட்டுவிடக் கூடாதே என்று.

இப்படி இருக்கும்போது அப்பாவிடமிருந்து சேதி வருவது நின்றுபோனது. மாதம் ஒன்று போனது, இன்னொன்றும் போனது. அம்மா சோறு வடிக்கும்போது கஞ்சியைக் கையில் ஊற்றிக்கொண்டாள், கத்தவில்லை. அவளுக்குப் பயம் என்பதே கிடையாது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். வீட்டில் பயந்தாங்கொள்ளி நான் ஒருத்திதான் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மூலக்குளத்திலிருந்து தாஸ் அண்ணன் வந்தார். அப்பாவோடு ஒரே முகாமில் இருந்துவிட்டு விடுப்பில் வந்திருந்த இளைஞர். வாசலில் நின்றபடியே, "அண்ணனோட குரல் ரேடியோவுல வரப்போவுது அண்ணி. வர்ற ஞாயித்துக்கெழம, செய்தி முடிஞ்சதும். பட்டாளத்துல இருக்கறவங்க வூட்டாருக்குச் சேதி சொல்ற நிகழ்ச்சி. பிரெஞ்சுலதான் பேசணுமாம், ஆபீசருக்குப் புரியணும்ல. தெரேசு பாப்பா சொல்லும்" என்றார். அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும் கேட்காமலே இன்னொரு குவளை ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா எங்களைக் குளிப்பாட்டி, பூசைக்குப் போகிற உடுப்பை மாலையிலும் போட்டுவிட்டாள். லூயிசக்கா வந்து உட்கார்ந்தாள். மின்சாரம் போய்விடுமோ, மாடியில் காக்கை உட்கார்ந்து கம்பியை அறுத்துவிடுமோ, குரல் வராமலே போய்விடுமோ என்று எனக்கு ஒவ்வொன்றாகப் பயம். வராவிட்டால் என்ன பொருள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

வால்வு சூடான வாசனை வந்தது. பச்சைக் கண் சுருங்கியது. யார் யாரோ பேசினார்கள். அலையடிப்பது போலக் குரல்கள் ஏறி இறங்கின. பிறகு அறிவிப்பாளர் அப்பாவின் பெயரைச் சொன்னார், உச்சரிப்பைக் கொத்துக்கறி போட்டு. ஆனாலும் அப்பா பெயர்தான். அடுத்தது அப்பாவே. மெலிந்துபோன குரல், இரைச்சலில் பாதி முழுகியது. நான் நலமாக இருக்கிறேன், சாப்பாடு நன்றாக இருக்கிறது, பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும், எல்லோருக்கும் என் முத்தங்கள். அவ்வளவுதான். நான் தமிழில் சொல்ல வாயெடுப்பதற்குள், கடைசியாக, பழக்க தோஷத்தில் அவர் "அ வூ" என்றார்.

அது அம்மாவுக்குப் புரிந்தது. அது மட்டும்தான் புரிந்தது.

அவள் பாயிலிருந்து எழுந்து, பெட்டியின் இரண்டு பக்கமும் கையால் பிடித்துக்கொண்டு, தங்கநிறத் துணியில் வாயை வைத்துப் பேச ஆரம்பித்தாள். "நான்தாங்க பேசறேன். கேக்குதுங்களா? நாங்க எல்லாம் நல்லாருக்கறோம். புள்ளைங்க நல்லாருக்குது." கொஞ்சம் நிறுத்தினாள். "இல்லீங்க. நல்லால்லீங்க. எனக்குப் பயமா இருக்குது. காலைல எழுந்தா பயமா இருக்குது, தெருவுல சைக்கிள் மணி அடிச்சா பயமா இருக்குது. புள்ளைங்ககிட்ட சொல்லல. யாருகிட்டயும் சொல்லல. பென்சனும் வேணாம், பிரான்சும் வேணாம், வந்துடுங்க. எப்படியாவது வந்துடுங்க. அ வூ."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். ரேடியோவில் வேறு யாரோ ஒரு பையன் தன் தாய்க்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். தன் புருஷன் குரலும் வருமோ என்று ஆசையோடு வந்திருந்த லூயிசக்கா, அம்மா பேசியதில் அடுத்த பெயர்கள் காதில் விழாமல் போனதற்காகக் கோபித்துக்கொண்டிருக்கலாம். அவள் கோபிக்கவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சவரி அழ ஆரம்பித்தான். யாரும் அவனைக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை.

நான் சிறு வயதில் கேட்ட பயங்கரமான சத்தம் எது என்று கேட்டால், புயலையோ அந்த இரண்டு தெரு தள்ளிய அலறலையோ சொல்ல மாட்டேன். அம்மா தன் வாயால் பயமாக இருக்கிறது என்று சொன்னதைத்தான் சொல்வேன். அதுவரை நான் பயந்ததெல்லாம் அவள் தைரியத்தில் சாய்ந்துகொண்டு பயந்தது. இனிச் சாய இடமில்லை.

மறுநாள் தாஸ் அண்ணன், குரல் வந்ததா என்று கேட்க வந்தார். அம்மா முகம் மலர, "வந்துச்சு தம்பி. நானும் பேசினேன்" என்றாள். அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு நல்ல மனதோடுதான், உண்மையைச் சொன்னார். இந்தப் பெட்டி வாங்கிக்கொள்ளுமே தவிர அனுப்பாது. அதோடு, "அது அன்னிக்குப் பேசினது இல்ல அண்ணி. நான் கப்பலேறியே ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு, அதுக்கும் முன்னாடி டேப்புல புடிச்சது."

அம்மா ரேடியோவைப் பார்த்தபடி கேட்டாள். "அப்ப இப்ப அவுரு இருக்காரா இல்லையான்னு இதுக்குத் தெரியாதா?"

"தெரியாது அண்ணி."

அன்றோடு சட்டம் ரத்தானது. நடு அறையில் யார் வேண்டுமானாலும் அழலாம், இருமலாம். மீன்காரியிடம் அம்மா கம்பளி போர்த்தாமலே கத்தினாள். அந்தச் சுதந்திரம் எனக்குப் பிடிக்கவே இல்லை. கேட்கிற காது ஒன்று இருந்தது என்று பயந்த காலம்தான் நல்ல காலம் என்று தோன்றியது. இப்போது எங்களைக் கேட்பதற்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்பது அதைவிடப் பயமாக இருந்தது.

அப்பா வந்தார். முன்னறிவிப்பே இல்லாமல், மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்தார். வாசலில் மணிச் சத்தம் கேட்டதும் அம்மா பின்கட்டுக்கு ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள். வந்திருப்பது உறை இல்லை, ஆள்தான் என்று கதவைத் தட்டிச் சொல்லி அவளை வெளியே கொண்டுவர எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அப்பாவின் பக்கத்தில் குண்டு வெடித்து இடது காது கேட்காமல் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்ததால்தான் சேதி இல்லை. காது கேட்காதவனுக்குக் கம்பியில்லாப் பெட்டி எதற்கு என்று பட்டாளம் அவரை அனுப்பிவிட்டது.

சில நாள் கழித்து, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சவரி உளறிவிட்டான். "அப்பா, அம்மா ரேடியோகிட்ட பேசினாங்கப்பா. அழுதுக்கிட்டே பேசினாங்க." அம்மா அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். வெட்கத்தில் அவள் முகம் கறுத்துப்போனது. அப்பா சிரிப்பார் என்று நினைத்தேன். நானும் சிரிக்கத் தயாராக இருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. சோற்றில் வைத்த கையை எடுக்காமல் சொன்னார்: "எங்களை வரிசையா நிக்கவெச்சு ஒரு தாளைக் கையில குடுத்தாங்க. எல்லாருக்கும் ஒரே தாளு. நல்லாருக்கேன், சாப்பாடு நல்லாருக்குது. படிச்சேன். முடிச்சதும் வாய் தவறி அ வூ சொல்லிட்டேன். சொல்லிட்டு, தள்ளிப் போவணும்னு தோணாம அங்கயே நின்னுட்டேன். யாருக்குய்யா காத்திருக்கேன்னு ஆபீசர் சிரிச்சான். பின்னால இருந்தவனுங்களும் சிரிச்சானுங்க." அம்மாவைப் பார்த்தார். "நீ என்னா சொல்லுவேன்னு நெனைச்சுக்கிட்டுத்தான் நின்னேன். பயமா இருக்குது, வந்துடுங்கன்னு சொல்லுவேன்னு நெனைச்சேன். எனக்கும் அதான் சொல்லணும்னு இருந்துது. தாளுல இல்ல."

 அம்மா அவர் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

இன்று அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. உப்பளத்து வீட்டை இடித்து மாடி மாடியாகக் கட்டிவிட்டார்கள். மூங்கிலில் கட்டிய செப்புக் கம்பியை இன்றைக்கு எந்த மொட்டை மாடியிலும் பார்க்க முடியாது. துறைமுகத்தின் டக்டக் சத்தம் நின்றுவிட்டது, தந்தியையே மூடிவிட்டார்கள், பூங்காவில் யாரும் கூடிச் செய்தி கேட்பதில்லை. பிள்ளைச்சாவடிப் படகுகளில் கைபேசியை நெகிழிப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, கரை எந்தப் பக்கம் என்று காட்டுகிற சின்னக் கருவியோடு போகிறார்கள். மீன் வாங்கினால் காசுக்குப் பதில் கைபேசியை நீட்டுகிறேன். என் வீட்டு மூலையிலும் வைஃபை பெட்டி ஒன்று விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எல்லாம் கம்பியில்லாதவைதான், எல்லாமே இரண்டு பக்கமும் கேட்கும், பேசும். அம்மா நம்பியது அறுபது வருஷம் கழித்து உண்மையாகிவிட்டது.

போனது அந்த இரைச்சல். இரண்டு நிலையங்களுக்கு நடுவில், ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில், கடல் மாதிரி இருந்துகொண்டே இருந்த இரைச்சல். அப்பா நலமாக இருக்கிறேன் என்று வாசித்தபோது அவர் குரல் நடுங்கியதா என்று பிற்காலத்தில் எத்தனையோ தடவை நினைவுபடுத்திப் பார்த்திருக்கிறேன். தெரியவில்லை, இரைச்சல் அதை மூடிவிட்டது. என் மகள் பிரான்சில், லியோனில் இருக்கிறாள், தனியாக. தினமும் கைபேசியில் கூப்பிடுவாள், பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல அத்தனை துல்லியம். போன வாரம் கூப்பிட்டு, "ஒண்ணுமில்லம்மா, சும்மாதான் கூப்பிட்டேன்" என்றாள். அதைச் சொல்வதற்கு முன் அவள் எச்சில் விழுங்கியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.